ஓடுகிறவனைக் கூப்பிட்டு உட்காரச் சொல்ல வைக்காதீர்கள்

சேலம், ஏற்காடு வட்டாரத்துப் பள்ளித் தாளாளர்களுக்கும், தலைமையாசிரியர்களுக்கும், ஆண்டு விழாக் குழுக்களுக்கும், "பசங்களுக்கு ஊக்கம் வர்ற மாதிரி ஒரு மணி நேரம் பேசிட்டுப் போங்க சார்" என்று போனில் கூப்பிடும் எல்லோருக்கும்,

வணக்கம்.

நான் நெடுந்தூரம் ஓடுகிறவன். 42.195 கிலோமீட்டர் ஓடினால் மாரத்தான், அதைத் தாண்டினால் அல்ட்ரா என்பார்கள். அந்தப் பக்கம்தான் எனக்குப் பிழைப்பு, அதாவது காசு வருகிற பிழைப்பு இல்லை, காசு போகிற பிழைப்பு. அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினேன். புத்தகம் வந்த நாளிலிருந்து ஓடுவது குறைந்து, ஓட்டத்தைப் பற்றிப் பேசுவது கூடிவிட்டது. சென்னையில் கூட்டம் முடித்து, கையெழுத்துப் போட்டு, ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடித்தால் (பெயர்தான் ஏற்காடு, வண்டி போவது ஈரோட்டுக்கு) விடிவதற்கு முன்பே சேலம் ஜங்ஷனில் இறக்கிவிடும். மலை ஏறத் தொடங்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. நானோ ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டு, பத்து மணிக்கு உங்கள் பள்ளி வாசலில் வந்து நிற்கிறேன். இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அன்பாகக் கூப்பிடுகிறீர்கள், சாப்பிடாமல் அனுப்புவதில்லை, பொன்னாடை போர்த்துகிறீர்கள் (பொன்னாடையை மட்டும் விட்டுவிடலாம், பீரோவில் இடமில்லை). என் குறை வேறு.

ஓடுகிறவனைக் கூப்பிட்டு, பிள்ளைகளை இன்னும் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்ல வைக்கிறீர்கள்.

போன் பேசும்போதே அது தெரிந்துவிடுகிறது. "சார், நீங்க ஓடின கதையைச் சொல்லுங்க, விடாமுயற்சி, வலியைப் பொறுத்துக்கிறது அதெல்லாம் சொல்லுங்க, கடைசியில பிளஸ் டூவும் ஒரு மாரத்தான்தான்னு முடிச்சீங்கன்னா நல்லா இருக்கும்." கூப்பிடும் ஆள் மாறுகிறார், வசனம் மாறுவதில்லை. நீட்டுக்குத் தயாராகும் பிரிவு இருந்தால் பிளஸ் டூவுக்குப் பதில் நீட். நானும் சிரித்துக்கொண்டே "பார்க்கலாம் சார்" என்பேன். இனிமேல் சொல்ல மாட்டேன். ஏனென்றால் நீங்கள் நினைக்கிற அர்த்தத்தில் அது உண்மை இல்லை.

நெடுந்தூர ஓட்டம் எப்படி நடக்கிறது என்று ஒருமுறை பொறுமையாகக் கேளுங்கள். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். சேலம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்குள் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர். அப்படியென்றால் நின்ற வாக்கில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் உயரம். இதை நான் ஓடியே ஏறுகிறேன் என்றுதான் உங்கள் அறிமுக உரையில் வாசிக்கிறார்கள். செங்குத்து வந்தால் நடப்பேன். நான் மட்டும் இல்லை, மலை ஓட்டத்தில் நல்ல பேர் எடுத்தவர்களும் ஏற்றத்தில் நடப்பார்கள். ஓடி மிச்சம் பிடிக்கிற நிமிடத்தைவிட வீணாகிற தெம்பு அதிகம் என்று அவர்களுக்குத் தெரியும். உடம்பு சேர்த்து வைத்திருக்கிற மாவுச்சத்து முப்பது கிலோமீட்டர் வாக்கில் தீர்ந்துபோகும், அதனால் பசிக்கும் முன்பே சாப்பிட்டுக்கொண்டே ஓட வேண்டும்: வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்புப் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு, சில நேரம் தயிர் சோறு. தண்ணீரிலும் கணக்கு உண்டு. ஆர்வக்கோளாறில் அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் ஆளே விழுந்துவிடுவார். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு உப்பு இறங்கியிருந்தது, முக்கியமான காரணம் அதிகமாகத் தண்ணீர் குடித்தது. முட்டி மோதுகிறவன் ஜெயிப்பான் என்று நீங்கள் சொல்லச் சொல்கிற விளையாட்டில், அளவு தெரியாமல் முட்டி மோதுகிறவன்தான் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகிறான்.

அப்புறம் தூக்கம். ராத்திரி முழுக்க ஓடுகிற பந்தயங்களில் நடுச்சாமத்துக்கு மேல் கண்ணில் இல்லாததெல்லாம் தெரியும். வழியோரத்து மரத்தை ஓட்டக் குழுவில் யாரோ நிற்கிறார் என்று நினைத்து நான் வணக்கம் வைத்திருக்கிறேன், பதில் வணக்கம் வரவில்லை என்று கோபமும் பட்டிருக்கிறேன். இது வீரமில்லை, மூளை வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். அதற்காகத்தான் பந்தயத்துக்கு முந்தைய வாரம் நாங்கள் குழந்தை மாதிரித் தூங்குகிறோம். பயிற்சியில் கடினமான நாளுக்கு மறுநாள் ஓய்வு. ஓய்வு நாளில்தான் தசை பலப்படுகிறது. ஓய்வைத் திருடினால் பயிற்சியே வீண் என்பது எந்தப் பயிற்சியாளரைக் கேட்டாலும் சொல்வார்.

இப்போது உங்கள் விடுதியின் கால அட்டவணையைப் பாருங்கள். ஒரு பள்ளியில் எனக்காகக் காத்திருந்தபோது சுவரில் ஒட்டியிருந்ததைப் படித்தேன். காலை நாலரைக்கு எழுப்பி ஐந்து மணிக்குப் படிப்பு, ராத்திரி பத்தரை வரை படிப்பு, நடுவில் வகுப்பு, ஸ்பெஷல் கிளாஸ், ஸ்லிப் டெஸ்ட். பதின்ம வயதுப் பிள்ளைக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். உங்கள் அட்டவணையில் ஆறுதான் வருகிறது, அதுவும் படுத்தவுடன் தூக்கம் வந்தால். அந்தப் பிள்ளைகள் முன்னால் நின்று நான் "விடாதே, இன்னும் கொஞ்சம் முக்கு" என்று சொன்னால், என் விளையாட்டைப் பற்றியே நான் பொய் சொன்ன மாதிரி ஆகும்.

அதே அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு கட்டம் உடற்கல்வி என்று அழகாக அச்சாகியிருந்தது. பி.டி. ஆசிரியர் நல்ல மனிதர், டீ குடிக்கும்போது மெல்லச் சொன்னார்: "ஒன்பதாவதோட சரிங்க சார். அதுக்கு மேல அந்த பீரியட் மேத்ஸுக்குப் போயிரும்." இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் விளையாட்டுப் பாடவேளையைக் கடன் வாங்க வேண்டாம் என்று விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலினே மேடையில் கேட்டுக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். கடன் நிற்கவில்லை. ஐந்து வயதிலிருந்து பதினேழு வயது வரை தினமும் சராசரியாக ஒரு மணி நேரமாவது வேர்க்க விறுவிறுக்க ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தினமும். வாரத்துக்கு இரண்டு கட்டம் என்பதே ஒப்புக்குத்தான், அதையும் பிடுங்கிக்கொள்கிறோம்.

நம்ம மாவட்டத்துப் பெருமை என்று மேடைக்கு மேடை மாரியப்பன் தங்கவேலுவைச் சொல்கிறோம். பெரியவடகம்பட்டிக்காரர். ஐந்து வயதில் பேருந்துச் சக்கரம் ஏறி வலது கால் நசுங்கியவர், 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், அடுத்து டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். எல்லாம் சரி. அவரை உயரம் தாண்டச் சொல்லித் தூண்டிவிட்டவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் என்பதை மட்டும் ஏனோ யாரும் அழுத்திச் சொல்வதில்லை. அன்றைக்கு அந்த பீரியடை இன்னொரு ஆசிரியர் கடன் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடுத்த முறை அவர் படத்தை பிளக்ஸில் போடும்போது கொஞ்சம் யோசியுங்கள்.

பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம். ஆண்கள் பள்ளியில் மைதானம் பூட்டியிருக்கும். இருபாலர் பள்ளியில் மைதானம் திறந்திருந்தாலும் பெண்கள் ஓரத்தில் வேப்ப மரத்தடியில் நோட்டுடன் உட்கார்ந்திருப்பார்கள். கேட்டால், "வெயில்ல ஓடினா மயங்கி விழுந்துருவாங்க சார்." இதே காரணத்தைத்தான் உலகமே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடிய பிறகு, இது அவர்கள் உடம்புக்கு ஆகாது என்று அந்தப் போட்டியையே தூக்கிவிட்டார்கள், திரும்ப வந்தது 1960இல். பெண்களுக்கு ஒலிம்பிக் மாரத்தான் 1984இல்தான் வந்தது. உங்கள் பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள் என்றால், காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று முதலில் கேளுங்கள். பதினொரு மணிக்குப் பந்தலுக்கு வெளியே, சேலத்து மார்ச் மாத வெயிலில், சிறப்பு விருந்தினர் வரும்வரை இரண்டு மணி நேரம் சம்மணம் போட்டு உட்கார வைத்தபோது மயங்காதவர்கள், காலை ஆறரைக்கு நாலு சுற்று ஓடினால் மயங்க மாட்டார்கள்.

போன வருடம் ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பேசி முடித்ததும் கேள்வி நேரம். ஏற்காட்டுப் பக்கம் மலைக் கிராமத்துப் பெண், கீழே விடுதியில் தங்கிப் படிக்கிறாள். எழுந்து, "சார், மலை ஏறும்போது மூச்சு வாங்குது, அது புரியுது. ஆனா மறுநாள் தொடை வலிக்கிறது இறங்கினதாலதான். இறங்கறது சுலபம்தானே, அப்புறம் ஏன் வலிக்குது?" என்றாள். ஓட்டம் தெரிந்தவர்களே பாதிப் பேர் கேட்காத கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் மைக் வைத்திருந்தவர், "நேரமாகுது, படிப்பு சம்பந்தமா யாராவது கேளுங்க" என்று அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். அடுத்த வரிசையில் ஒரு பையன், எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து, "ஐயா, தங்கள் வெற்றியின் ரகசியம் என்ன?" என்று கேட்டான்.

அந்தப் பெண்ணுக்கான பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன், யாராவது அவளிடம் காட்டினால் சரி. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்கிப் பிரேக் போடுகிறது. அப்படி இழுபட்டுக்கொண்டே தாங்கும்போது தசை நாரில் கண்ணுக்குத் தெரியாத சேதம் ஏற்படும். அது ஆறும் வழியில்தான் வலி, அதனால்தான் அன்றைக்கு இல்லாமல் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் படியிறங்கும்போது உயிர் போகிறது. காலை முன்னால் நீட்டி ஊன்றாமல், உடம்புக்கு நேர் கீழே, குட்டிக் குட்டி அடியாக வைத்து இறங்கு. கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி இறங்கு, தசை பழகிக்கொள்ளும். லீவுக்கு ஊருக்குப் போகும்போது செய்து பார். இயற்பியலும் உயிரியலும் சேர்ந்த பாடம் இது, மைக் வைத்திருந்தவரே. அவள் கேட்டது படிப்பு சம்பந்தமான கேள்விதான்.

புத்தகம் பற்றியும் ரெண்டு வார்த்தை. ஒரு இடத்தில் நான் வருவதற்கு முன்பே ஒவ்வொரு பிள்ளையிடமும் பணம் வசூலித்து, கட்டாயமாக ஒரு பிரதி கொடுத்திருந்தார்கள். எனக்கு நல்லது என்று நினைத்துச் செய்ததுதான், தெரியும். வேண்டாம். நூலகத்துக்கு நாலு பிரதி வாங்கிப் போட்டு, நூலகத்தைப் பூட்டாமல் வையுங்கள், போதும். இன்னொரு இடத்தில், கையெழுத்துக்கு வந்த பையனை, கையில் கணக்கு ரஃப் நோட்டுதான் இருக்கிறது என்பதற்காக, "புக்கு வாங்கினவங்களுக்கு மட்டும்" என்று விரட்டினார்கள். ரஃப் நோட்டிலும் போடுவேன், ஹால் டிக்கெட்டைத் தவிர எதில் கேட்டாலும் போடுவேன்.

சரி, வருவேனா மாட்டேனா என்றால், வருவேன். என் பேச்சை இருபது நிமிடத்தில் முடித்துக்கொள்கிறேன், மேடை வேண்டாம், மைதானத்தில் நின்றே பேசுகிறேன். அதற்கு முன் எல்லோரும் ஒரு முக்கால் மணி நேரம் என்னுடன் ஓட வேண்டும், ஓட முடியாதவர் நடக்கலாம், பெண்கள் உட்பட, பத்தாவதும் பிளஸ் டூவும் உட்பட, முடிந்தால் நீங்களும். ஓடுவதற்கு முன் ஒரு வாழைப்பழமும் தண்ணீரும் ஏற்பாடு செய்யுங்கள், நினைவுப் பரிசுக்கு வைத்திருக்கும் பணத்தில் அது தாராளமாக ஆகும். ஏற்காட்டுப் பள்ளிகள் என்றால் செலவே வேண்டாம், நானே அடிவாரத்திலிருந்து ஏறி வந்துவிடுகிறேன், குரங்குகள் பழத்தைப் பிடுங்காமல் இருந்தால் நேரத்துக்கே வருவேன். கூப்பிடுவதற்கு முன், அந்த வாரம் பத்தாம் வகுப்பின் பி.டி. பீரியட் யாரிடம் இருக்கிறது என்று மட்டும் விசாரித்து வையுங்கள், போனில் நான் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான்.

நேரம் காலை ஆறரை. பதினொரு மணிக்கு மேல்தான் தோதுப்படும் என்றால் பட்டிமன்றப் பேச்சாளர்கள் நம்ம ஊரிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள், என்னைவிட நன்றாகப் பேசுவார்கள்.

அன்புடன்,
கன்னங்குறிச்சியிலிருந்து ஓர் ஓட்டக்காரன்