கொடைக்கானலுக்கு இ-பாஸ் தேவைதான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போகும் குடும்பங்கள் இப்போதே விமான டிக்கெட் எடுத்து வைத்துவிட்டன. மதுரையில் இறங்கி, குலசாமியைக் கும்பிட்டு, மீனாட்சி அம்மனையும் பார்த்துவிட்டு, வாடகைக் காரில் கொடைக்கானலுக்கு ஒரு நாள் போய்வருவது நம்மில் பலருடைய வழக்கம். அந்தக் காருக்கு இப்போது இணையத்தில் முன்கூட்டியே பதிந்து இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கொஞ்ச நாளாக எங்கள் புளோக்கின் கீழேயும் தேக்கா சந்தையிலும் ஒரே பேச்சைத்தான் கேட்கிறேன். "நம்ம ஊர் மலைக்கு ஏற நமக்கே அனுமதிச் சீட்டா? இது என்ன நியாயம்?" இந்தக் கேள்விக்கு என் பதிலைத் தங்கள் பத்திரிகை வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

நான் வத்தலக்குண்டுக்காரன். 1980களில் கப்பல் பட்டறை வேலைக்கு வந்து, குடியுரிமை பெற்று, இங்கேயே தங்கிவிட்டேன். என் சித்தி வாக்கப்பட்டது கொடைக்கானல் நாயுடுபுரத்தில். முழுப் பரீட்சை லீவு விட்டதும் என்னையும் அக்காவையும் மலை பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். காட்ரோடு தாண்டி வளைவுகள் தொடங்கியதும் அக்கா எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவாள். பெருமாள்மலைக்கு மேலே குளிர் சட்டைக்குள் நுழையும். வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே பஸ் மெதுவாகும்போது சாரல் முகத்தில் அடிக்கும். அந்தத் தண்ணீர் ஏரியிலிருந்து வழிந்து வருவது என்று சித்தப்பாதான் சொல்லித்தந்தார். ஏரியில் எதைக் கொட்டினாலும் அது கீழே இறங்கி வரும் என்பது அன்றே எனக்குப் புரிந்தது.

ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் சாலை. வாடகை சைக்கிளில் ஒரு முழுச் சுற்று வந்தால் எதிரே நாலைந்து குதிரைகளும், அங்குள்ள பள்ளியில் படிக்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகளும் வருவார்கள், அவ்வளவுதான். காலையில் எதிர்க்கரை தெரியாது. மூடுபனிக்குள் துடுப்புச் சத்தம் மட்டும் வரும். பொங்கல் விடுமுறையில் போனால் ஜிம்கானா மைதானத்துப் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும், அதன் மேல் நடந்தால் நொறுங்கும். பிளம்ஸும் பேரிக்காயும் கூடைக்காரம்மாவிடம் படி கணக்கில் வாங்குவோம். சித்தி வீட்டு அடுப்படியில் மலைப்பூண்டு கொத்துக் கொத்தாகத் தொங்கும். ராத்திரி ஏழு மணிக்கு மேல் கடைத்தெருவில் ஆள் இருக்காது. தகரக் கூரையில் மழை பெய்ய ஆரம்பித்தால் நாங்கள் கம்பளிக்குள் சுருண்டுவிடுவோம்.

அந்த ஏரி தானாக உண்டானதல்ல. 1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்பவர் ஓடைக்கு அணை கட்டி உருவாக்கியது. முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து மலை மேல் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். அன்று மலைக்கு இன்று போலச் சாலை இல்லை. 1890இல் படகுக் குழாம் வந்தது. 1899இல் சூரிய ஆய்வுக்கூடம் வந்தது. அங்கேதான் 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். இன்றும் உலகெங்கும் அது எவர்ஷெட் விளைவு என்றே பாடமாக இருக்கிறது. நம் பிள்ளைகள் அறிவியலில் கெட்டிக்காரர்கள். அவர்களைப் பஜ்ஜிக் கடைக்கும் படகுத் துறைக்கும் மட்டும் கூட்டிப்போய்விட்டுத் திரும்பிவிடுகிறோமே என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

இன்று அந்த ஏரிச்சாலைக்குப் போனால் மனசு கனக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மூஞ்சிக்கல்லில் தொடங்கும் வாகன வரிசை ஏழு ரோடு சந்திப்பைத் தாண்டி ஏரி வரை நகராமல் நிற்கிறது. சரிவெல்லாம் விடுதிகள். ஏரிக்கு நீர் தரும் சதுப்புநிலத்தையும் ஓடைகளையும் நெருக்கிக்கொண்டு கட்டடங்கள் வந்துவிட்டன. கழிவுநீரும் களைச்செடியும் ஏரியின் தீராத நோய் ஆகிவிட்டன. இதற்கெல்லாம் முன்பே ஒரு பெரிய அடி விழுந்தது. 1980களில் அங்கே வந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. ஆனால் அதற்குள் ஏரித் தண்ணீரிலும் மீனிலும்கூடப் பாதரசம் சேர்ந்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நாங்கள் தூண்டில் போட்ட ஏரி அது. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி கொடைக்கானல் நகரத்தில் வாழ்ந்தவர்கள் சுமார் 36,500 பேர். அவ்வளவு சிறிய ஊர், சீசனில் எத்தனை வாகனங்களைத் தாங்கும்? சென்னை உயர் நீதிமன்றம் இதைத்தான் கேட்டது. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். உள்ளூர் வண்டிகளுக்கும் விளைபொருள் ஏற்றி வரும் வண்டிகளுக்கும் தடை இல்லை. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இ-பாஸே வேண்டாம். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டில் வைத்திருந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி என்பதும் வந்திருக்கிறது. இவற்றில் எது அநியாயம்?

இந்த விஷயத்தில் உலகத் தமிழர்களில் வேறு யார் முணுமுணுத்தாலும் சிங்கப்பூர்த் தமிழர்கள் முணுமுணுக்கக் கூடாது. 1975இலேயே நகர மையத்துக்குள் காலையில் கார் ஓட்ட உரிமச் சீட்டு வாங்க வைத்த ஊர் இது. 1990இலிருந்து சிஓஇ என்ற கார் உரிமைச் சான்றிதழ் இல்லாமல் இங்கே ஒரு புதுக் காரும் ரோட்டில் இறங்க முடியாது. அதன் விலை ஒரு லட்சம் சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டிய காலத்திலும் அலுத்துக்கொண்டோம், ஆனால் அதன் தேவையை ஏற்றுக்கொண்டோம். சின்னத் தீவில் இடம் குறைவு என்று நமக்குத் தெரியும். 7,000 அடி உயரத்தில் ஒரு மலை முகட்டுக்கு மட்டும் இடம் ஏது?

நான் இப்போது ஜூரோங் வெஸ்ட்டில் இருக்கிறேன். காலை நடை ஜூரோங் ஏரிக்கரையில்தான். அதுவும் 1970களின் தொடக்கத்தில் ஜூரோங் ஆற்றை அணைகட்டி மனிதர்கள் உண்டாக்கிய ஏரி. 2019இல் ஏரிக்கரைத் தோட்டம் திறந்தபோது புல்லும் சதுப்பும் பறவையும் இருக்க இடம் விட்டுத்தான் அமைத்தார்கள். நீர்நாய்கள் குட்டிகளோடு கரையேறுவதை எத்தனையோ பேர் நின்று பார்க்கிறோம். இங்கே ஒரு பாட்டிலைத் தண்ணீரில் எறியத் துணியாத அதே கை, கொடைக்கானலில் கார் ஜன்னல் வழியே எறிவதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சொல்லவே வேதனையாக இருக்கிறது.

வியாபாரம் படுத்துவிடாதா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. என் சித்தி மகன் ஏரிச்சாலைக்கு அருகே பூண்டு, தைலம், சாக்லேட் விற்கும் கடை வைத்திருக்கிறான். போன முறை அவனிடமே கேட்டேன். "அண்ணே, காலையில ஏறி சாயங்காலம் இறங்குறவங்க வண்டி நிறுத்த இடம் தேடியே பொழுதப் போக்கிடுறாங்க. சாப்பாடும் கையோட கொண்டு வந்துடுறாங்க. ராத்திரி தங்குறவங்கதான் நின்னு பேசி, நாலு கடை ஏறி இறங்கி வாங்குறாங்க" என்றான். சீசன் நாளில் அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவே வழி கிடைப்பதில்லை என்றும் சொன்னான். குதிரைக்காரர்களுக்கும் சிறு கடைக்காரர்களுக்கும் கூட்டம் வருடம் முழுக்கப் பரவலாக வந்தால்தான் நல்லது, மே மாதத்தில் மொத்தமாகக் கொட்டினால் அல்ல.

அதனால் ஊருக்குப் போகும் குடும்பங்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். ஒரு நாள் பயணத்தை விட்டுவிட்டு இரண்டு மூன்று ராத்திரி தங்குங்கள். சனி, ஞாயிறைத் தவிருங்கள். முடிந்தால் வத்தலக்குண்டிலிருந்து அரசு பஸ்ஸில் ஏறுங்கள், பிள்ளைகள் கொண்டை ஊசி வளைவுகளைப் பெரிய ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள். விடியற்காலையில் ஏரியை நடந்தே சுற்றுங்கள். சூரிய ஆய்வுக்கூடத்துக்கும், 1895இல் தொடங்கிய செண்பகனூர் அருங்காட்சியகத்துக்கும் ஒரு அரைநாள் ஒதுக்குங்கள். பூம்பாறைக்குப் போய், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டை விளைவித்தவர்களிடமே வாங்குங்கள். இல்லை, கார்தான் வேண்டும் என்றால் சரி, கிளம்பும் முன்பே இ-பாஸுக்குப் பதிந்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் மின்னஞ்சல் வழியாகவே பதிந்துகொள்ளலாம்.

தமிழ்நாட்டு அரசுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. வாகனத்தை எண்ணினால் மட்டும் போதாது, ஏரிக்குள் இறங்கும் ஒவ்வொரு கழிவுநீர்க் குழாயையும் அடைத்தாக வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, விடுமுறை தொடங்கும் முன் தங்கள் சுற்றுலாப் பக்கத்தில் இ-பாஸ் பதியும் முறையையும் மலை பஸ் நேரங்களையும் விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டால் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு உதவும். அப்படியே ஏழு ரோடு சந்திப்பில் சில நூறு வண்டிகளாவது குறையும்.

இப்படிக்கு,
பழைய வத்தலக்குண்டு வாசகர்,
ஜூரோங் வெஸ்ட், சிங்கப்பூர்