இரண்டாம் ஆண்டில் கைகொடுக்க ஊருக்குள் ஒருவர் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயற்கை வேளாண்மைப் பயிற்சி முகாம்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அடிக்கடி செய்திகள் வெளிவருகின்றன. எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், என்னென்ன இடுபொருள்கள் வழங்கப்பட்டன என்ற விவரமெல்லாம் அவற்றில் இருக்கும். அப்படி வந்து போனவர்களில் எத்தனை பேர் மூன்றாம் ஆண்டிலும் அதே முறையில் பயிர் செய்கிறார்கள் என்பது மட்டும் எதிலும் வருவதில்லை. காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சளும் வாழையும் பயிரிட்டு வருபவன் என்ற முறையில், முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று கருதுகிறேன்.

ரசாயன உரத்தை நிறுத்துகிறவருக்கு முதல் ஆண்டு ஊக்கத்திலேயே கழிந்துவிடும். இரண்டாம் ஆண்டில்தான் சோதனை வருகிறது. மண்ணில் மக்கிய சத்து இன்னும் போதிய அளவு சேர்ந்திருக்காது, விளைச்சல் குறையும். அங்கக (இயற்கை வேளாண்) சான்று விதிகளின்படி ஓராண்டுப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டுகளும், தென்னை போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு மூன்று ஆண்டுகளும் ரசாயனத்தை விட்டு மாறுவதற்கான மாற்றக் காலம் என்பதால், விளைந்ததை முழுச் சான்றுடன் நல்ல விலைக்கு விற்கவும் வழியில்லை. பக்கத்துத் தோட்டத்து மஞ்சள் கரும்பச்சையாக நிற்க, நம் மஞ்சள் வெளிறி நிற்பதைப் பார்த்து வீட்டில் உள்ளவர்கள் கேட்கும் கேள்விக்கு முகாமில் கொடுத்த கையேட்டில் பதில் கிடைக்காது. நானே எட்டு ஆண்டுகளுக்கு முன் அந்த இரண்டாம் ஆண்டில் மனம் தளர்ந்து, யூரியா மூட்டைகளை வாங்கி வந்து கட்டுத்தரையில் இறக்கி வைத்தவன். அவற்றைப் பிரிக்காமலே கடைக்குத் திருப்பி அனுப்பியதற்குக் காரணம், எங்கள் ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவின் தலைவி.

அவருக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர். எட்டாம் வகுப்புக்கு மேல் படித்தவரல்லர். செய்தி கேட்டு மாலையில் வந்தவர், மூட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கினார். தண்ணீர் நுழையும் தலைமடையில் ஒரு வெட்டும் அது போய் முடியும் கடைமடையில் ஒரு வெட்டுமாக இரண்டு கட்டி மண்ணைப் பெயர்த்து, அருகருகே வரப்பில் வைத்தார். "ஏனுங்கண்ணா, இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க" என்றார். தலைமடை மண்ணில் மழை மணம் இருந்தது, இரண்டு மண்புழுக்களும் நெளிந்தன. கடைமடை மண்ணோ சேற்று வாடை அடித்தது. அதில் இருந்த வேர்கள் பழுப்பேறி, விரலால் இழுத்தால் தோல் உரிந்து வந்தன. இலைதழையால் மூடாக்குப் போட்ட நிலம் ஈரத்தை நெடுநாள் பிடித்து வைத்திருக்கும் என்பதை எண்ணாமல், பழைய கணக்கிலேயே நான் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். மஞ்சளுக்குத் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகல் தானாக வந்து சேரும். பயிர் வெளிறியதற்குக் காரணம் உரக் குறைவு அன்று என்று அப்போதுதான் விளங்கியது. மறுநாளே கடைமடையில் வடிகால் எடுத்து, பாய்ச்சலைத் தள்ளிப்போட்டு, ட்ரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை கலந்த தொழுவுரத்தை அவர் சொன்ன பக்குவத்தில் இட்டேன். அந்த ஆண்டு விளைச்சல் குறைந்தது உண்மை. ஆனால் பயிர் பிழைத்தது, நானும் இந்த முறையை விட்டு வெளியேறவில்லை.

கொங்கு நாட்டுக்கு இத்தகைய ஆசிரியர்கள் புதியவர்கள் அல்லர். இன்று நாடெங்கும் பேசப்படும் பஞ்சகவ்யாவைப் பயிர் வளர்ச்சிக்கு ஏற்ற வகையில் வடிவமைத்துப் பரப்பியவர் கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன். சாணத்தில் நெய்யைப் பிசைந்து மூன்று நாள் வைப்பதில் தொடங்கி, கோமியம், பால், தயிர், இளநீர், வெல்லம், பூவன் பழம் என்று சேர்த்து முப்பது நாளில் முடிக்கும் அந்தத் தயாரிப்பை, 100 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர் என்ற அளவில் தெளிக்கலாம் என்பது எங்கள் பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் மனப்பாடம். நெய் விலைக்கு ஒருவர் தனியாகச் செய்வது கட்டுப்படியாகாது என்பதால், எங்கள் ஊர் மகளிர் குழுவினர் புங்க மரத்தடியில் ஒரே டிரம்மில் போட்டு, முறை வைத்துக் கலக்கி, பங்கிட்டுக்கொள்கிறார்கள். மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டிப் பாப்பம்மாள் நூறு வயதைக் கடந்த பின்னும் தம் இரண்டரை ஏக்கரில் இறங்கி வேலை செய்தவர். 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அக்கம்பக்கத்து விவசாயிகளுக்கு அவருடைய தோட்டம்தான் பாடசாலை. கரூர் மாவட்டம் கடவூரில் வானகம் என்ற பயிற்சிப் பண்ணையை நிறுவிய இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், 2013 டிசம்பரில் மறையும்வரை ஊர் ஊராகச் சென்று விவசாயிகளோடு பேசியவர். இவர்கள் எல்லோரும் தாம் செய்து பார்த்ததையே சொன்னார்கள். அதனால்தான் கேட்டவர்கள் நம்பினார்கள்.

ஊர் நம்பிக்கை பெற்ற ஒருவர் எதற்குத் தேவை என்பதற்கு மாவுப்பூச்சிக் காலமே சான்று. 2008-இல் கோவைப் பகுதியில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, சில ஆண்டுகளில் மரவள்ளியையும் மல்பெரியையும் மாவு பூசியதுபோல் மூடிவிட்டது. மல்பெரிக்குக் கடும் மருந்து அடித்தால் அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழு செத்துவிடும். அடிக்காவிட்டால் இலையே மிஞ்சாது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைக்கப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகள், மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அந்தப் பூச்சியை அடக்கின. ஆனால் குளவி உயிரோடு இருக்க வேண்டுமானால் சுற்றுவட்டாரத்தில் ஒருவரும் மருந்து தெளிக்கக் கூடாது. ஒருவர் பொறுமை இழந்து தெளிப்பானைத் தோளில் மாட்டினாலும் பக்கத்துத் தோட்டத்துக் குளவியும் சேர்ந்து மடியும். விஞ்ஞானிகள் குளவியைக் கொண்டுவந்து தந்தார்கள். "இன்னும் பத்து நாள் பொறுங்கள்" என்று வீடு வீடாகச் சொல்லும் வேலை ஊர்க்காரர்களால்தான் ஆகும்.

அந்த வேலையைச் செய்கிறவர்களை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதுதான் என் வேதனை. சென்ற மாசியில் மஞ்சள் வெட்டும் வேகவைப்பும் மும்முரமாக நடந்த வாரத்தில், இருபது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மண்டபத்தில் பயிற்சி வைத்தார்கள். ஆள் திரட்டும் பொறுப்பை எங்கள் குழுத் தலைவியிடமே கொடுத்தார்கள். பேருந்துக் கட்டணத்தைக் கையிலிருந்து செலவழித்து ஏழு பெண்களை அழைத்துச் சென்ற அவருக்கு, மேடையில் ஐந்து நிமிடம் பேசவும் வாய்ப்பு இல்லை. அன்றைய கூலி இழப்பையும் யாரும் ஈடுசெய்யவில்லை. இங்கே காலை ஏழரை மணிக்கெல்லாம் பனியன் கம்பெனி வண்டி ஊருக்குள் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறது. ஒரு நாள் தங்கி ஊருக்குப் பாடம் சொல்பவர் ஒரு நாள் சம்பளத்தை இழக்கிறார். எங்கள் பகுதியில் இப்படிக் கற்றுக்கொடுத்து வந்த இருவர் இப்போது அந்த வண்டியில்தான் போகிறார்கள். அவர்களிடம் குறை காண எனக்கு மனம் வரவில்லை.

1974-இல் விவசாயிகளுக்குப் பயிற்சி தரும் வேளாண் அறிவியல் நிலையங்களில் நாட்டின் முதலாவதைப் புதுச்சேரியில் தொடங்கியது நம் கோவை வேளாண் பல்கலைக்கழகம்தான். செய்து பார்த்துக் கற்பது என்பதே அந்த நிலையங்களின் அடிப்படை. 2023 மார்ச்சில் தமிழ்நாடு அரசு அங்கக வேளாண்மைக் கொள்கையையும் வெளியிட்டுள்ளது. ஆகவே அரசிடமும் அதிகாரிகளிடமும் நான் வேண்டுவது புதிய திட்டம் அன்று. ஏற்கெனவே நடக்கும் பயிற்சிகளை மண்டபத்திலிருந்து தோட்டத்துக்கு மாற்றி, ஒரே நாளில் முடிக்காமல், விதைக் கிழங்கு நேர்த்தி முதல் வெட்டு வரை ஒரு பயிர்க்காலம் முழுவதும், பெண்கள் வரக்கூடிய மாலை வேளைகளில் நடத்த வேண்டும். ஊராட்சிக்கு ஒருவரையாவது, மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் இந்த முறையில் பயிர் செய்தவராகப் பார்த்து, ஊராரே தேர்ந்தெடுக்கச் செய்து, வெளியூர்ப் பேச்சாளருக்குத் தரும் மதிப்பூதியத்தையும் பயணப்படியையும் அவருக்கும் தர வேண்டும். ஐந்து விவசாயிகள் சேர்ந்தாலே குழுவாகப் பதிந்து ஒருவர் வயலை மற்றவர் பார்த்து உறுதி சொல்லும் பங்கேற்புச் சான்று முறை ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் குழுக்களைக் கட்டி நடத்தும் பொறுப்பையும் அவரிடமே கொடுக்கலாம். மாற்றக் காலத்தில் இருப்பவர் தோட்டத்துக்கு அவர் மாதம் இருமுறை போய் வந்தால், என்னைப்போல் மூட்டை வாங்கி இறக்கும் நிலை பலருக்கு வராது.

வைகாசியில் மஞ்சள் நடவு தொடங்கும். அதற்குள் ஈரோடு மாவட்டத்தில் ஒரு வட்டாரத்திலாவது இதைச் செய்து பார்க்கும்படி வேளாண்மைத் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். முதல் பயிர்க்காலத்துக்கு என் தோட்டத்தில் கால் ஏக்கரையும் கிணற்று நீரையும் பயிற்சிக்காகத் தரச் சம்மதிக்கிறேன்.

இப்படிக்கு,
மஞ்சள் விவசாயி ஒருவர்,
கொடுமுடி வட்டம், ஈரோடு மாவட்டம்.