பொம்பெயிக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குக் குழுச் சுற்றுலா அழைத்துப் போகும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். மூன்று வருடங்களுக்கு முன் அம்மாவும் நானும் உங்களில் ஒருவரோடு இத்தாலி வந்தோம். ரோமிலிருந்து, எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பழைய ரோமானிய ஊரான பொம்பெயிக்கு ஒருநாள் பயணம் என்று திட்டத்தில் இருந்தது. அம்மா மாதக்கணக்கில் காத்திருந்த நாள் அது.

காலை ஏழு மணிக்குப் பேருந்து கிளம்பியது. ஒரு வழிக்கே ஏறக்குறைய 240 கிலோமீட்டர். நடுவில் காபிக்கு நிறுத்தம், அப்புறம் பவளமும், சிப்பியில் உருவம் செதுக்கிய கமேயோ நகையும் விற்கும் கடையில் ஒரு மணி நேரம், அதன் பிறகு இந்தியச் சாப்பாடு. பொம்பெயிக்குள் நுழைந்தபோது மணி இரண்டு. மூன்றரைக்கு எல்லோரும் பேருந்தில் இருக்க வேண்டும் என்றார்கள்.

சுமார் 66 ஹெக்டேர் பரப்புள்ள ஊர் அது. மூன்றில் ஒரு பங்கு இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது என்றாலும், தோண்டி எடுத்த பகுதியே தெருத்தெருவாக நீள்கிறது. அதற்கு ஒன்றரை மணி நேரம்.

வழிகாட்டிமேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இருந்த நேரத்தில் அவரால் சாவைப் பற்றித்தான் சொல்ல முடிந்தது. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தது, சாம்பல் மூடியது, இறந்த உடல்கள் விட்டுப்போன வெற்றிடங்களில் 1863-இல் தொல்லியலாளர் ஃபியோரெல்லி சுண்ணக் குழம்பு ஊற்றி உருவங்களை எடுத்தார். எல்லாம் தெரிய வேண்டியதுதான். ஆனால் அம்மா நின்றது ஒரு ரொட்டிக் கடையில். எரிமலைக் கல்லில் செய்த பெரிய பெரிய அரவைக் கற்கள் அங்கே வரிசையாக நின்றன. "இது நம்ம திருகைதானே!" என்று தொடப் போனார். சிறு வயதில் திருகையில் உளுந்து உடைத்த கை அது. எங்கே தானியம் போடுவார்கள், மாவு எங்கே விழும், யார் சுற்றினார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்குள் வழிகாட்டியின் கொடி தெருமுனை திரும்பிவிட்டது. நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அதனால்தான் போன வருடம் தனியாகப் போனேன். பக்கத்து நகரமான நேப்பிள்ஸில் தங்கினேன். அங்கிருந்து உள்ளூர் ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. காலையில் நுழைந்து, வாசல் அடைக்கும் வரை இருந்தேன்.

அம்மாவின் கேள்விகளுக்கெல்லாம் பதில் கிடைத்தது. தானியத்தை மேலே போடுவார்கள். பக்கத்தில் உள்ள துளைகளில் மரக்கட்டையைச் செருகிக் கழுதையோ அடிமையோ சுற்ற, மாவு கீழே விழும். 2023-இல் வெளிக்கொண்டுவந்த ஒரு ரொட்டிக்கூடத்தில் சின்ன ஜன்னல்கள், அதற்கும் இரும்புக் கம்பி. கழுதைகளோடு மனிதர்களையும் உள்ளேயே அடைத்து வேலை வாங்கியிருக்கிறார்கள். மொதெஸ்துஸ் என்பவருடையது என்று சொல்லப்படும் இன்னொரு கடையின் அடுப்பில் 1862-இல் கரியாகிப்போன 81 ரொட்டிகள் கிடைத்தன. எட்டுத் துண்டாகப் பிய்ப்பதற்கு மேலே கோடு போட்ட ரொட்டிகளை நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

தெருக் குழாய்த் தொட்டிகளையும் சொல்ல வேண்டும். தண்ணீர் குடிக்கக் குனிந்தவர்கள் கை ஊன்றி ஊன்றி, தொட்டியின் கல் விளிம்பு ஒரு பக்கம் குழிந்து வழவழப்பாகியிருக்கிறது. என் கையை அங்கே வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது. முதல் முறை இதே தெருவில்தான் ஓடினோம்.

அபொந்தான்ஸா என்ற அதே தெருவில் உள்ள ஒரு வீட்டில்தான் 1938-இல் இந்தியத் தந்தப் பெண் சிலை கிடைத்தது. பொம்பெயி லட்சுமி என்கிறார்கள், யட்சியாக இருக்கலாம். அதுவும் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சிலை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இதைப் போன்றது மகாராஷ்டிரத்துப் போகர்தனில் கிடைத்திருக்கிறது. இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தத் தெருவில் இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. ரோமில் போடும் இரவுகளில் ஒன்றை நேப்பிள்ஸுக்கு மாற்றுங்கள். வெயில் ஏறுவதற்குள் உள்ளே போகலாம். அங்கே நிழல் குறைவு. முட்டி வலிக்காரர்கள் இருந்தால் ஆம்ஃபிதியேட்டர் என்ற பழைய அரங்கின் பக்கமுள்ள வாசல் வழியாகக் கூட்டிப் போங்கள். மேடு பள்ளமில்லாமல் நடக்க மூன்று கிலோமீட்டருக்கு மேல் பாதை போட்டிருக்கிறார்கள், சக்கர நாற்காலியும் போகும். 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி, சீட்டில் பெயரும் வேண்டும். எப்படியும் நீங்கள் முன்கூட்டியே திட்டமிடத்தான் போகிறீர்கள்.

அம்மாவுக்கு இப்போது 71 வயது. இன்னொரு முறை போக ஆசைப்படுகிறார். அடுத்த வருடத் திட்டத்தை அச்சடிக்கும்போது நகைக் கடைக்குப் போட்டிருக்கும் அந்த ஒரு மணி நேரத்தை எடுத்து ரொட்டிக் கடைத் தெருவுக்குக் கொடுங்கள். நாங்கள் இரண்டு பேரும் பெயர் கொடுக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் முன்னாள் பயணி ஒருத்தி