மாயாவிக்கும் மதிப்பெண் கொடுங்கள்

மதுரையில் பள்ளி, கல்லூரி வினாடி வினா நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். போன மாதம் நம் ஊர்க் கல்லூரி ஒன்றில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டி நடந்தது. காமிக்ஸ் சுற்று என்றதுமே என் தங்கச்சி மகன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். "முதலில் வில்லனாக வந்து, பிறகு நல்லவர் பக்கம் சேர்ந்த சூப்பர் ஹீரோ ஒருவரைச் சொல்லுங்கள்" என்பது கேள்வி. பஸ்ஸரை அழுத்தி, "இரும்புக்கை மாயாவி" என்றான். நடத்தியவர் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் சூப்பர் ஹீரோ லிஸ்ட்ல வராது தம்பி" என்று கேள்வியை அடுத்த அணிக்குத் தள்ளினார். அவர்கள் அமெரிக்க மார்வெல் காமிக்ஸின் வில்வீரர் ஹாக்ஐ என்றார்கள். மதிப்பெண் அவர்களுக்குப் போனது.

ஹாக்ஐ சரியான விடைதான். 1964-ல் அயர்ன் மேனை எதிர்த்து நின்றவராகத்தான் அவர் அறிமுகமானார். ஆனால் மாயாவி அதற்கும் முந்தியவர். 1962-ல் வேலியண்ட் என்ற பிரிட்டிஷ் வார இதழில் லூயிஸ் கிராண்டேல் என்ற பெயரோடு வந்தார். வலது கை இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்து அந்தக் கை மட்டும் தெரியும். கொஞ்ச நேரத்தில் உருவம் திரும்பிவிடும், மறுபடி மறைய மறுபடி ஷாக் வேண்டும். தொடக்கக் கதைகளில் இந்தச் சக்தியைக் குற்றத்துக்குப் பயன்படுத்தியவர், பிறகுதான் நிழல் படை என்ற ரகசிய உளவு அமைப்பின் ஏஜென்ட் ஆனார். நடுவில் கொஞ்ச காலம் முகமூடியும் தனி உடையும் போட்ட சூப்பர் ஹீரோவாகவே வலம் வந்தார். இதற்கு மேல் அந்தப் பட்டியலில் சேர என்ன தகுதி வேண்டும்?

தமிழில் 1972-ல் முத்து காமிக்ஸ் இதழ் தொடங்கியபோது முதல் இதழே இவர் கதைதான். அச்சானது சிவகாசியில், நம் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத் தூரத்தில். பழுத்துப்போன பக்கத்தில், ஆளே இல்லாமல் ஒரு இரும்புக் கை மட்டும் துப்பாக்கியைப் பிடித்தபடி நகரும் படத்தைப் பார்த்து வளர்ந்த வீடுகள் இந்த ஊரில் நிறைய. என் மருமகன் அதை இணையத்தில் தேடிப் படிக்கவில்லை. எங்கள் வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய, ஸ்டேப்ளர் பின் துருவேறிய புத்தகத்தில் படித்தான்.

விடை மறுக்கப்பட்டதைவிட, பிள்ளைகளின் காதில் விழாமல் போகும் கேள்விகளை நினைத்தால்தான் எனக்கு வருத்தம். 1938-ல் வெளிவந்த சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல், 1960-களில் ஒரு பிரிட்டிஷ் இதழுக்கு எழுதிய நாயகன் யார்? தமிழிலும் வந்த நம் குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடர்! அவரைத் தொடங்கியது டெட் கோவன். பின்னால் எழுத வந்தவர் சீகல். சிலந்தி கடித்துச் சக்தி பெற்ற ஸ்பைடர்மேன் வேறு, வலைத் துப்பாக்கியும் வாயுத் துப்பாக்கியும் வைத்திருக்கும் இந்த ஸ்பைடர் வேறு. இவரும் வில்லனாகத் தொடங்கித் திருந்தியவர்தான். ஆக, அன்றைய கேள்விக்குத் தமிழ் வாசகர்களிடம் இரண்டு விடைகள் தயாராக இருந்தன.

இன்னொன்று: "மாயாவி" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ராணி காமிக்ஸ் படித்தவர்களுக்கு மாயாவி என்றால் லீ ஃபாக் 1936-ல் தொடங்கிய முகமூடி நாயகன் ஃபேன்டம். அவர் மறையவே மாட்டார். அதே ஆள் மற்ற தமிழ் இதழ்களில் வேதாளர்.

அதனால் கேட்கிறேன்: காமிக்ஸ் சுற்றில் ஐந்து கேள்வி இருந்தால் ஒன்றாவது தமிழில் வந்த கதைகளிலிருந்து இருக்கட்டும். தமிழ்ப் பெயரில் விடை சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். தாளில் இல்லாத விடை வந்தால் சரிபார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

கேள்வி தயாரிப்பவர்கள் என் வீட்டுக்கு வந்து பழைய இதழ்களைப் புரட்டிப் பார்க்கலாம். ஞாயிறு முழுக்க வீட்டில்தான் இருப்பேன். எது எந்தக் கட்டில் இருக்கிறது என்று எடுத்துக் கொடுக்க மருமகனும் இருப்பான்.

அன்புடன்,
மதுரை வாசகன் ஒருவன்