அலுவலகத்தில் வழக்கு விசாரித்து உத்தரவிடும் அலுவலர்களின் வீட்டு முகவரியும் சொந்தக் கைபேசி எண்ணும் பொதுவெளிக்கு வராமல் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
வருவாய்த் துறையில் ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்,
சைதாப்பேட்டை, சென்னை – 600 015.
(பெயரும் முழு முகவரியும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன.)

பெறுநர்:
அரசு தலைமைச் செயலாளர் அவர்கள்,
தலைமைச் செயலகம், புனித ஜார்ஜ் கோட்டை,
சென்னை – 600 009.

பொருள்: நீதிமன்றத்துக்கு வெளியே நீதி வழங்கும் அரசு அலுவலர்களின் தனிப்பட்ட விவரங்களைப் பாதுகாக்க அரசாணை பிறப்பிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தின் பெரும்பகுதி விசாரணைக் கோப்புகளோடு கழிந்தது. வழக்கின் இரு தரப்பினருக்கும் அறிவிப்பு அனுப்புவது, வாய்தா குறிப்பது, வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து கையெழுத்து வாங்குவது, உத்தரவு நகலை உரியவரிடம் சேர்ப்பிப்பது எல்லாம் எங்கள் பிரிவின் வேலை. அந்தக் கோப்புகளில் உத்தரவிட்ட அலுவலர்களுக்காகத்தான் இந்த மனுவை எழுதுகிறேன்.

நீதிபதி என்றதும் உயர் நீதிமன்றக் கட்டடம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் சாதாரண மனிதரின் வழக்குகளில் பல, கறுப்பு அங்கி போடாத அலுவலர்களின் மேசையில்தான் முடிகின்றன. பட்டா மேல்முறையீட்டைக் கோட்டாட்சியர் கேட்கிறார். வாடகைத் தகராறு துணை ஆட்சியர் நிலையிலுள்ள அலுவலரிடம் போகிறது. பணிக்கொடையும் விபத்து இழப்பீடும் தொழிலாளர் துறை அலுவலர்களிடம் வருகின்றன. கூட்டுறவுச் சங்கத் தாவாவுக்குத் துணைப் பதிவாளர் இருக்கிறார். இவர்களின் கையெழுத்தால் ஒருவர் வீட்டை இழக்கிறார், இன்னொருவருக்கு வாழ்நாள் உழைப்பின் பணம் கிடைக்கிறது. இவர்களுக்கு நீதிமன்ற வளாகம் இல்லை, வாசலில் காவலர் இல்லை. அறைக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அது திறந்தே இருக்கட்டும். என் கவலை அவர்களின் வீட்டுக் கதவைப் பற்றியது.

பெற்றோர் பராமரிப்பு வழக்குகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டப்படி நம் மாநிலத்தில் கோட்டாட்சியர்தான் தீர்ப்பாயத்தை நடத்துகிறார். பிள்ளைகள் மாதம் 10,000 ரூபாய் வரை தர வேண்டும் என்று உத்தரவிடலாம். அதைவிடப் பெரிய அதிகாரம் 23-ஆவது பிரிவில் இருக்கிறது. கவனித்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிய செட்டில்மென்ட் பத்திரத்தை, கவனிக்காமல் விட்டால் செல்லாது என்று அறிவிக்கலாம். சென்னையில் ஒரு கிரவுண்டு மனையின் விலை தங்களுக்குத் தெரியாததல்ல. அந்த வீட்டில் மகனும் மருமகளும் குடியிருக்கிறார்கள், மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள், பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடனும் வாங்கியிருக்கிறார்கள். ஒரே பக்க உத்தரவில் அத்தனையும் ஆட்டம் காண்கிறது. சொந்த அம்மாவிடம் காட்ட முடியாத ஆத்திரத்தை அந்த மகன் உத்தரவிட்டவர் மீது காட்டுகிறார். இது பணத் தகராறைவிடக் கொதிப்பான தகராறு என்பதை அறைக்குள் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் அப்படியொரு வழக்கில் உத்தரவிட்ட பெண் அலுவலருக்கு நேர்ந்ததை நேரில் கண்டேன். அவருடைய சொந்தக் கைபேசி எண் அலுவலக இணையப் பக்கத்தின் தொலைபேசிப் பட்டியலில் இருந்தது. பழைய தகவலுரிமை மனு ஒன்றுக்குக் கொடுத்த பதிலில், வீட்டு முகவரியோடு கூடிய அவருடைய விடுப்பு விண்ணப்பத்தை அப்படியே நகலெடுத்து இணைத்திருந்தார்கள். முதலில் இரவு நேரத்தில் அழைப்புகள் வந்தன. பிறகு யாரோ அவருடைய அடுக்குமாடிக் குடியிருப்புக்கே வந்து, மகள் எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்று காவலாளியிடம் விசாரித்துவிட்டுப் போனார்கள். வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். அந்த அம்மா தன் உத்தரவில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஆனால் நீண்ட விடுப்பில் போனார். அவர் முன் வரவேண்டிய மற்ற முதியவர்களின் வழக்குகளெல்லாம் வாய்தா மேல் வாய்தாவாக நின்றன. 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிற வழக்குகள் அவை. ஊன்றுகோலுடன் படியேறி வந்து திரும்பிப் போனவர்கள்தான் அதில் அதிகம் நஷ்டப்பட்டவர்கள்.

நாட்டில் இதைவிடக் கொடியவையும் நடந்திருக்கின்றன. 2021 ஜூலை 28 அன்று ஜார்க்கண்ட் மாநிலம் தன்பாத்தில் காலை நடைப்பயிற்சிக்குப் போன கூடுதல் மாவட்ட நீதிபதி உத்தம் ஆனந்த் ஆட்டோவால் மோதிக் கொல்லப்பட்டார். 2024 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் ஒரு தாசில்தார், நில விவகாரம் ஒன்றின் காரணமாக, தான் குடியிருந்த அடுக்குமாடி வளாகத்திலேயே அடித்துக் கொல்லப்பட்டார். முகவரி இணையத்தில் கிடைத்ததால்தான் இவை நடந்தன என்று நான் சொல்லவில்லை. கோபத்தோடு தேடி வருகிறவர் எங்கே வருவார் என்பதை இவை காட்டுகின்றன.

அமெரிக்காவில் 2020 ஜூலையில், நியூ ஜெர்சி மாநிலத்தில் எஸ்தர் சலாஸ் என்ற மத்திய நீதிபதியின் வீட்டுக்குப் பொருள் கொண்டுவருபவர்போல் ஒருவர் வந்தார். அவர் முன்பு அதே நீதிபதியிடம் வழக்காடிய வழக்கறிஞர். கதவைத் திறந்த 20 வயது மகன் டேனியல் சுட்டுக் கொல்லப்பட்டார், கணவர் படுகாயமடைந்தார். அதன் பிறகு மகனின் பெயரிலேயே 2022-இல் மத்திய சட்டம் வந்தது. நீதிபதிகளின் வீட்டு முகவரி போன்றவற்றை வெளியிடக் கூடாது, வெளியிட்டதை நீக்க வேண்டும் என்கிறது அது. ஆனால் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள், அரசுத் துறைகளில் அமர்ந்து வழக்குக் கேட்கும் நிர்வாகச் சட்ட நீதிபதிகள் வரவில்லை. உயரத்தில் இருப்பவருக்குக் குடை பிடித்துவிட்டு, மக்களுக்கு மிக அருகில் இருப்பவரை மழையில் விட்டதுபோல் ஆயிற்று. நாமாவது கீழ்நிலையிலிருந்து தொடங்குவோம் என்பது என் வேண்டுகோள்.

புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 1985-ஆம் ஆண்டின் நீதிபதிகள் பாதுகாப்புச் சட்டம், சட்டப்படியான நடவடிக்கையில் இறுதித் தீர்ப்பு வழங்க அதிகாரம் பெற்ற எவரையும் நீதிபதி என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. கடமையைச் செய்ததற்காக அவர் மீது வழக்குப் போட முடியாதபடி காக்கும் அந்தச் சட்டத்தால், வீட்டு வாசலில் வந்து நிற்பவரைத் தடுக்க முடியாது. 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமை அடிப்படை உரிமை என்றது. அரசு ஊழியருக்கும் அந்த உரிமை உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(g) பிரிவு, ஒருவரின் உயிருக்கோ உடல் பாதுகாப்புக்கோ ஆபத்து விளைவிக்கும் தகவலை மறுக்க இடம் கொடுக்கிறது. 10-ஆவது பிரிவின்படி, தரக்கூடாத பகுதியை நீக்கி மீதியைத் தரலாம். 11-ஆவது பிரிவின்படி, சம்பந்தப்பட்டவருக்கு அறிவிப்பு கொடுத்து அவர் கருத்தைக் கேட்கலாம். இவற்றில் எதுவும் புதிதல்ல. பொதுத் தகவல் அலுவலர் கோப்பை ஜெராக்ஸ் எடுக்கும் அவசரத்தில் இவையெல்லாம் மறந்துபோகின்றன.

இந்தக் கோரிக்கையைச் சாக்காக வைத்து எதையும் மூடி மறைக்கக் கூடாது என்பதையும் அதே அழுத்தத்துடன் சொல்கிறேன். உத்தரவிட்டவரின் பெயர், பதவி, சம்பளம், பணியிட மாற்றம், அவர் மீதான ஒழுங்கு நடவடிக்கையின் முடிவு ஆகியவை மக்களுக்குத் தெரிய வேண்டியவை. சொத்து விவரமும் அப்படியே. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமே தன் நீதிபதிகளின் சொத்து விவரங்களை இணையதளத்தில் வெளியிட்டது. லஞ்சம் வாங்கும் அலுவலர் ஒருவர் தனியுரிமை என்ற பெயரில் ஒளிந்துகொள்வாரானால், இந்த மனுவை நான் எழுதியிருக்கவே கூடாது. எத்தனை வீடு வைத்திருக்கிறார் என்று மக்கள் கேட்கலாம். எந்தக் கதவு எண்ணில் இன்றிரவு பிள்ளைகளோடு தூங்குகிறார் என்பது யாருக்கும் தேவையில்லை.

ஆகவே, நீதி வழங்கும் பொறுப்பிலுள்ள அலுவலர்களுக்கும் அவர்களின் விசாரணைப் பிரிவு ஊழியர்களுக்கும் பொருந்தும்படி அரசாணை ஒன்றைப் பிறப்பிக்குமாறு வேண்டுகிறேன். தகவலுரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு கேட்கும் அலுவலர் பட்டியலில் அலுவலக எண்ணும் அலுவலக மின்னஞ்சலும் மட்டும் இருந்தால் போதும். துறைகளின் இணையதளங்களில் ஏற்கெனவே ஏறியிருக்கும் பழைய பட்டியல்களையும் தேடி எடுத்து, சொந்த எண்களையும் வீட்டு முகவரிகளையும் நீக்க வேண்டும். பதவிக்கென்று ஒரு கைபேசி எண் தரப்பட்டு, மாறுதலின்போது அடுத்து வருபவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். இந்த வசதி இல்லாத அலுவலகங்களில்தான் சொந்த எண் ஊர் முழுக்கப் போகிறது. அலுவலரை எதிர்மனுதாரராகச் சேர்க்கும் வழக்குகளில் பதவியும் அலுவலக முகவரியும் போதும் என்ற நிலையை எடுக்குமாறு அரசு வழக்கறிஞர்களுக்கு அறிவுறுத்தலாம். விவரம் கசிந்து மிரட்டல் வந்தால் அலுவலர் தனியாக அலையாமல், மாவட்ட அளவில் ஒரு பொறுப்பு அலுவலர் அதே நாளில் மாநகரக் காவல்துறைக்குப் புகாரை எடுத்துச் செல்ல வேண்டும். மாறுதலானாலும் ஓய்வு பெற்றாலும் இந்தப் பாதுகாப்பு தொடர வேண்டும். பகை பணி ஓய்வோடு முடிவதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் செய்யாவிட்டால் மேற்சொன்னவை பாதிதான் பயன் தரும். வீடு தேடி வருகிற எல்லோரும் மிரட்ட வருவதில்லை. அலுவலர் முகாமுக்குப் போய்விட்டார், வாய்தா தள்ளிப்போயிற்று, உத்தரவு போட்டாயிற்றா என்று பிரிவில் யாரும் சொல்லவில்லை என்ற நிலையில், வேறு வழி தெரியாமல் வருகிறவர்களும் உண்டு. அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. அன்றைய விசாரணைப் பட்டியலை முதல் நாளே இணையத்திலும் அலுவலகப் பலகையிலும் போடுங்கள். ஒத்திவைத்தால் குறுஞ்செய்தி அனுப்புங்கள். உத்தரவைக் காரணங்களோடு, வழக்காடிய குடும்பத்தின் அந்தரங்கம் வெளிவராதபடி, குறித்த காலத்துக்குள் பதிவேற்றுங்கள். மேல்முறையீடு எங்கே, எத்தனை நாளுக்குள் என்று உத்தரவின் கடைசிப் பத்தியில் எளிய தமிழில் எழுதச் சொல்லுங்கள். தோற்றவருக்கு அடுத்துப் போக வேண்டிய இடம் தெரிந்தால், அலுவலரின் வீட்டைத் தேட வேண்டிய அவசியம் அவருக்குக் குறையும்.

இந்தப் பணியைச் சென்னை மாவட்டத்திலேயே முதலில் தொடங்கலாம். ராஜாஜி சாலையிலுள்ள ஆட்சியர் அலுவலகமும் அதன்கீழ் வரும் கோட்ட அலுவலகங்களும் தங்கள் பட்டியல்களைச் சரிபார்க்கப் பெரிய செலவு ஏதுமில்லை. தேவைப்பட்டால் விசாரணைப் பிரிவின் நடைமுறைகளை விளக்க, ஊதியம் ஏதுமின்றி, அழைக்கும் இடத்துக்கு வரத் தயாராக இருக்கிறேன்.

மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மனுதாரர்

இடம்: சென்னை

நகல்: செயலாளர், மனிதவள மேலாண்மைத் துறை, செயலாளர், வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறை, மாவட்ட ஆட்சியர், சென்னை.