காணிக்கை நேரத்தில் நீ வாசித்தது

பிரியமுள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை.

நீ அனுப்பிய அந்த அமெரிக்க கிட்டாரிஸ்ட் பில் கீகி வீடியோக்களை ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். பாட்டு காதில் ஏறும் முன்னே கைதான் கண்ணில் பட்டது. வலது கை நடுவிரல் பாதிதான் இருக்கிறது. நாலு வயதில் தண்ணீர் பம்பில் சிக்கிப் போனதாம். நிறுத்தி நிறுத்திப் பார்த்தும் எந்த விரல் எந்தக் கம்பிக்குப் போகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. எலக்ட்ரிக் கிட்டாரில் இன்னொரு வித்தை. சத்தத்தைக் குறைத்துவைத்துக் கம்பியைத் தட்டிவிட்டு, சுண்டுவிரலால் வால்யூம் குமிழை மெல்லத் திருப்புகிறார். தட்டிய ஓசையே தெரியாமல், வயலினில் வில் போட்ட மாதிரி சுரம் எழும்பி வருகிறது.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் பத்துப் பிள்ளைகள் உள்ள வீட்டில் கீகி ஒன்பதாவது. பத்தாவது பிறந்தநாளுக்கு டிரம்ஸ் கேட்டாராம், அவர் அப்பா கொண்டுவந்தது கிட்டார். நீ கீபோர்டு கேட்டாய், நான் கிட்டாரோடு வந்தேன். உனக்கு இதுதான் பொருந்தும் என்று அன்றைக்குச் சொன்னேனே, அதெல்லாம் சும்மா. கையில் பணம் இல்லை மக்களே.

1970-ல் தன் அம்மா கார் விபத்தில் இறந்த துக்கத்தில்தான் கீகி கர்த்தரிடம் வந்தார். கிளாஸ் ஹார்ப் என்ற அவருடைய ராக் குழு அடுத்த வருஷமே நியூயார்க் கார்னகி ஹால் மேடை ஏறியது. 1972-ல் அதை விட்டு விலகிவிட்டார். 1973-ல் வந்த 'வாட் எ டே' ஆல்பத்தில் எல்லா வாத்தியமும் அவரே.

அப்புறம் ராக் கிட்டாரில் பேர்போன ஜிமி ஹென்ட்ரிக்ஸ் சொன்னதாக ஒரு கதை. உலகத்தின் பெரிய கிட்டாரிஸ்ட் நீங்கள்தானே என்றதற்கு "கீகியைக் கேளுங்கள்" என்றாராம். பாடகர் குழுவில் ஒருவர் விடாமல் சொல்லியிருக்கிறேன். பொய்யாம். ஹென்ட்ரிக்ஸ் 1970 செப்டம்பரில் இறந்துபோனார். கிளாஸ் ஹார்ப் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்ததே அதற்குப் பிறகுதான். கீகியே மறுத்திருக்கிறார். இனி எந்த முகத்தோடு போய்த் திருத்துவது?

சரி, எழுத வந்தது வேறு. 1978-ல் அவர் வெளியிட்ட 'தி மாஸ்டர் அண்ட் தி மியூசிஷியன்' கிட்டாரை நம்பியே நிற்கிற ஆல்பம். பாட்டு வரிகளுக்கு அங்கே வேலையே இல்லை. நேற்று முழுசாகக் கேட்டேன். நடுவில் எழுந்து போகத் தோன்றவில்லை.

அறுப்பின் பண்டிகை அன்று காணிக்கை எடுக்கும்போது நீ ஒரு பாமாலை ராகத்தைப் பாடாமல் வாசித்தாய். வார்த்தை இல்லாமல் என்ன ஆராதனை என்று இரண்டாவது சரணத்தில் நான் மைக்கைப் பிடித்துப் பாட ஆரம்பித்தேன். நீ தலையைத் தூக்காமல் எனக்காகச் சுருதியை மாற்றிக்கொண்டாய். வீட்டுக்கு வந்தும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நீ கோயிலில் வாசிக்கவேயில்லை என்பதை இப்போதுதான் கணக்குப் பார்த்தேன். தப்பு என்னுடையது.

உன் பழைய கிட்டாருக்குப் புதுக் கம்பி போட்டு வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வா. காணிக்கைக்கு நீ வாசி. நான் பின்வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்துகொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா