பங்குதாரர் காசில் டெல்லியில் பேசியது என்ன?

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற வங்கி ஊழியன். பத்துப் பன்னிரண்டு நிறுவனங்களில் சொற்பப் பங்குகள் வைத்திருக்கிறேன். ஒரு காலத்தில் ஏஜிஎம் (நிறுவனத்தின் பங்குதாரர்கள் கூடும் ஆண்டுப் பொதுக்கூட்டம்) என்றால் நாரத கான சபாவுக்கோ மியூசிக் அகாடமிக்கோ காலையிலேயே கிளம்பிவிடுவோம். (கேள்வி கேட்க வந்தவர்களைவிட ஸ்வீட், காரப் பொட்டலத்துக்கு வந்தவர்களே அதிகம் என்று கேலி செய்வார்கள். நானும் வாங்கியிருக்கிறேன்.) கொரோனாவுக்குப் பிறகு பெரும்பாலும் வீடியோவில்தான். முன்கூட்டியே பெயர் பதிந்தால் இரண்டு மூன்று நிமிடம் பேசலாம்.

போன ஆண்டு அப்படிக் கிடைத்த நிமிடங்களில் ஒரு நிறுவனத்திடம் கேட்டேன்: "ஆண்டறிக்கையில் இத்தனை பக்கம் பசுமை பற்றி எழுதியிருக்கிறீர்கள். கரியமில வாயுவைக் குறைக்க அரசு விதி கொண்டுவரும்போது அமைச்சகத்திடம் நீங்கள் சொல்வது என்ன?" சேர்மன் சிரித்தபடி, "அதையெல்லாம் நம்ம தொழில் நிறுவனங்களோட சங்கம் பார்த்துக்கும் சார்" என்றார். அடுத்தவர் போனஸ் பங்கு எப்போது என்று கேட்க, கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது.

சந்தை மதிப்பில் முதல் 1000 இடத்தில் உள்ள நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் பிஆர்எஸ்ஆர் என்ற, வணிகப் பொறுப்பும் நிலைத்தன்மையும் பற்றிய அறிக்கை தர வேண்டும் என்பது பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதி. அதில் 7வது கொள்கை இதைப் பற்றியதுதான்: அரசின் கொள்கை முடிவுகளில் செல்வாக்குச் செலுத்த முயல்பவர்கள் பொறுப்போடும் ஒளிவுமறைவின்றியும் செய்ய வேண்டும். எந்தெந்தச் சங்கங்களில் உறுப்பினர் என்று சொல்வது கட்டாயம். ஆனால் எந்தக் கொள்கைக்காக வாதாடினார்கள், எந்த வழியில், இயக்குநர் குழு அதை எப்போதெல்லாம் பரிசீலிக்கிறது என்ற கேள்விகள் விருப்பமிருந்தால் பதில் தரும் பகுதியில் இருக்கின்றன. நான் புரட்டிய அறிக்கைகளில் அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் ஒரு கோடுதான். எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனோம் என்று சொல்வார்களாம், மொய் எவ்வளவு என்பது மட்டும் ரகசியமாம்!

கார் விவகாரத்தையே பாருங்கள். ஒரு நிறுவனம் விற்கும் கார்கள் சராசரியாகக் கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கரியமில வாயு விடலாம் என்பதை நிர்ணயிப்பது 'கஃபே' விதி. அதன் மூன்றாம் கட்டத்துக்காக 2025 செப்டம்பரில் வெளியான வரைவில் 909 கிலோ வரை எடையுள்ள சிறிய பெட்ரோல் கார்களுக்குச் சலுகை இருந்தது. சிறிய கார் அதிகம் விற்பவர் அதை வரவேற்க, மற்றவர்கள் எதிர்த்து அரசுக்கு எழுதினார்கள். கார் தொழிற்சாலைகள் உள்ள ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் பக்கத்தில் இருக்கும் நமக்கு இந்தச் சண்டை எப்படித் தெரிய வந்தது? அவர்களுக்குள் ஒத்துப்போகாததால் பத்திரிகைகளுக்குச் செய்தி வந்தது. எல்லோரும் ஒரே குரலில் பேசியிருந்தால் ஒரு வரிகூட வெளியே வந்திருக்காது என்றே நினைக்கிறேன். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் இடுப்பளவு தண்ணீரில் நின்ற ஊர்க்காரர்களுக்கு இந்தப் பேச்சில் பங்கே இல்லையா?

அரசுத் தரப்பும் சளைத்ததில்லை. சட்டம், விதி எதுவானாலும் வரைவைக் குறைந்தது 30 நாள் பொதுவெளியில் வைத்து, வந்த கருத்துகளின் சுருக்கத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று 2014லேயே மத்திய அரசு முடிவெடுத்தது. அந்தச் சுருக்கத்தைத் தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு அபூர்வம் என்று.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. ஆஸ்திரேலியச் சுரங்க நிறுவனமான பிஎச்பி, பங்குதாரர்கள் நெருக்கியதால், தான் உறுப்பினராக உள்ள சங்கங்கள் பருவநிலை விஷயத்தில் தன்னோடு எங்கே முரண்படுகின்றன என்று 2017 டிசம்பரில் அறிக்கையே வெளியிட்டது. அடுத்த ஆண்டு உலக நிலக்கரி சங்கத்திலிருந்து விலகியது. இங்கே சிறப்புப் பொதுக்குழு கூட்டும்படி கேட்கவே பத்தில் ஒரு பங்கு மூலதனம் கையில் வேண்டும். என்னிடம் இருப்பது 120 பங்கு.

எனவே செபியிடம் கேட்பது இதுதான்: 7வது கொள்கையின் அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்குங்கள், சங்கத்தின் வாயால் பேசியதையும் சேர்த்து. உங்கள் வணிகப் பக்கச் செய்தியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஏஜிஎம் செய்தியில் டிவிடெண்டோடு இந்தக் கேள்வியையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். இந்த ஆண்டும் பேசப் பெயர் கொடுக்கப் போகிறேன்.

ஒரு சிறு பங்குதாரர்,
நங்கநல்லூர், சென்னை.